வாடாமல்லி போனில் வராது

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் காலை பதினொரு மணிக்கு மேல் எந்த மொத்தக் கடைக்குள் போனாலும், ஒருவர் சேலையை விரித்துப் பிடித்திருப்பார், இன்னொருவர் போனைப் பிடித்திருப்பார். தறிச் சத்தத்துக்குப் பழகிய ஊரில் இப்போது போன் கேமராவின் ‘டிக்’ சத்தமும் சேர்ந்துவிட்டது. இங்கே மடித்து அடுக்கும் சேலையில் நல்ல பங்கு எந்தக் கடையின் கண்ணாடி அலமாரிக்கும் போவதில்லை. நேராக வாட்ஸ்அப்புக்குள் போகிறது. வாங்கி விற்பவர்கள் வீட்டிலிருந்தபடி ரீசெல்லிங் செய்யும் பெண்கள். அவர்கள் துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. நாம் அனுப்பும் படத்தைத் தங்கள் குழுவில் போட்டு, ஆர்டர் வந்த பிறகு பணம் கட்டுகிறார்கள். அந்தப் படத்தையும் வீடியோவையும் தயார் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு.

நான் டிடிபி, ஃப்ளெக்ஸ் வழியாக இதற்குள் வந்தவன். கல்யாணப் பத்திரிகை, மாரியம்மன் பண்டிகை பேனர், கடைத் திறப்பு நோட்டீஸ் என்று கோரல்டிராவில் ஓடிக்கொண்டிருந்த காலம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வந்தது. அதற்கு முன்பே கடைக்காரர்கள் சாதாரண வாட்ஸ்அப்பில் சேலைப் படம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கடைப் பெயர், முகவரி, வேலை நேரம், ஆள் இல்லாதபோது தானாகப் போகும் பதில் எல்லாம் போனுக்குள் வந்ததும், படமும் கடைக்கேற்ற மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசை முதலாளிகளுக்கு வந்தது.

ஃப்ளெக்ஸ் போடுபவனுக்கு இருக்கும் தைரியம் இந்த வேலையில் கிடையாது. ஃப்ளெக்ஸ் அச்சாகி வந்துவிட்டால் அவ்வளவுதான், நான் கொடுத்ததைத்தான் ஊர் பார்க்கும். வாட்ஸ்அப்பில் நான் கொடுப்பது கச்சாச் சரக்கு. கடைசிப் படத்தைச் செய்வது அந்தச் செயலியும், வாங்குபவர் கையில் இருக்கும் போனும். என் மானிட்டரில் எவ்வளவு அழகாக இருந்தது என்பதை யாரும் கேட்கப் போவதில்லை. ஏழாயிரம் ரூபாய் போனில், திரை ஓரம் விரிசல் விட்டு, பஸ் ஜன்னல் வெயிலில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு.

12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படம் 4000க்கு 3000 புள்ளி. சாதாரணத் தரத்தில் அனுப்பினால் நீளப் பக்கம் 1600 புள்ளிக்குச் சுருங்குகிறது. ஆறில் ஐந்து பங்கு புள்ளிகள் வழியிலேயே காலி. மிஞ்சியதையும் ஜேபெக் முறை எட்டுக்கு எட்டு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குள் இருக்கும் பொடி நுணுக்கத்தைக் கழித்துவிடுகிறது. ஒரு முகத்தின் படத்துக்கு இது பெரிய நஷ்டமில்லை. சேலைக்கு அந்தப் பொடி நுணுக்கம்தான் விலை. புட்டாவின் ஜரிகைக் கோடு கரைந்து மஞ்சள் திட்டாகிவிட்டால், ஆயிரத்து எண்ணூறு ரூபாய்ச் சேலை அறுநூறு ரூபாய்ச் சேலை மாதிரி தெரியும்.

2023 ஆகஸ்டில் கூடுதல் தரத்தில் அனுப்பும் எச்டி பொத்தான் வாட்ஸ்அப்பில் வந்தபோது தீர்ந்தது தொல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஓரளவு தீர்ந்தது. ஆனால் அவசரத்தில் அறுபது படம் அனுப்புகிற கடைப் பையன் அந்தப் பொத்தானைத் தொடுவானா என்பது வேறு விஷயம். படத்தை டாக்குமென்ட்டாக அனுப்புவது இன்னொரு வழி. தரம் குறையாது. ஆனால் வந்து சேர்வது ஒரு கோப்புப் பெயர், கேலரியில் படங்களோடு படமாக உட்காராது, ஸ்க்ரோல் செய்துகொண்டு போகிறவர்கள் அதைத் திறப்பதே இல்லை. இன்னொன்றும் உண்டு. படமாக அனுப்பும்போது எடுத்த இடம், நேரம் முதலிய குறிப்புகளைச் செயலி உதிர்த்துவிடும். டாக்குமென்ட்டில் அவை அப்படியே போகும். சரக்கு எந்த ஊரில், எந்தக் குடோனில் எடுக்கிறோம் என்பதை ரகசியமாக வைத்திருக்கும் இடைத்தரகர்களுக்கு இது தெரிந்தால் தூக்கம் வராது.

நான் செய்வது எளிய காரியம். செயலி எப்படியும் 1600க்குச் சுருக்கப் போகிறது, அதை நானே செய்துவிடுகிறேன். சுருக்கிய பிறகு லேசாகக் கூர்மை ஏற்றி, அந்த அளவில் ஜரிகை தெரிகிறதா என்று பார்க்கிறேன். தெரியவில்லை என்றால் சேலையை முழுதாகக் காட்டும் ஆசையை விட்டுவிட்டு இன்னும் நெருங்கி எடுக்கச் சொல்வேன். ஐந்தரை மீட்டர் துணியை ஒரே படத்தில் காட்டுகிறேன் என்று கிளம்பினால் எதுவும் தெரியாது. முந்தானையும் பார்டரும் உடலும் சந்திக்கிற இடத்தை ஒரு சாண் அகலத்துக்குக் காட்டினால் வாங்குகிறவருக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

படத்தின் மேல் எழுத்துப் போடுவதில் ஃப்ளெக்ஸ் பழக்கம் காலை வாரும். ஜேபெக், ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்ச அளவை எழுதிவைக்கும். நிறத்தை மட்டும் பெரும்பாலும் நான்கு புள்ளிக்கு ஒன்றாகச் சேர்த்துவிடும். அதனால் வெளிச்ச வித்தியாசம் இல்லாமல் நிற வித்தியாசத்தை மட்டும் நம்பிய எழுத்து குழம்பிப்போகும். பச்சை மேல் சிவப்பு, நீலத்தின் மேல் சிவப்பு இரண்டும் தேறாது. சிவப்பின் மேல் மஞ்சள் தப்பிக்கும், அது நம் சுவர் விளம்பரக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்தது. தமிழ் எழுத்துக்குக் கூடுதல் இடம் கொடுக்க வேண்டும். சிறிய அளவில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி, அடுத்தது ண, ன சுழிகள். பழைய டிடிபி எழுத்துருக்களில் அடித்து வைத்திருக்கும் வாசகத்தைப் படத்துக்குள் போடலாம். படத்துக்குக் கீழே குறிப்பாக ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். அங்கே யுனிகோடு மட்டும்தான். வானவில் அவ்வையார் எழுத்துருவில் கைவேகம் வைத்திருந்த என் வயது ஆட்களுக்கு இது கொஞ்ச நாள் கசந்தது.

பலர் போனில் இடம் இல்லாமல் படம் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்தி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு முதலில் தெரிவது மங்கலான ஒரு நிழல். அதைத் தொடுவதா வேண்டாமா என்று அந்த நிழலைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே நிழலிலும் சேலை சேலையாகத் தெரிய வேண்டும். வெறும் சுவரின் முன் ஒரு சேலை என்றால் தெரியும். பத்துச் சேலையை விசிறி மாதிரி அடுக்கி, மூலையில் குத்துவிளக்கும் வைத்து எடுத்தால் ஏதோ பண்டிகை வாழ்த்து என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

நிறத்துக்கு வருகிறேன். திரும்பி வருகிற சரக்கில் பாதிச் சண்டை நிறத்தால்தான்.

“ஏனுங்க தம்பி, சேலை ஒரு கலரு, படம் ஒரு கலரா இருக்குதுங்களே?” என்று முதலாளி கேட்பார். வாடாமல்லி, ராணி பிங்க், அரக்கு மூன்றும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். வாடாமல்லி பூவின் அந்த அடர்ந்த நிறத்தில் சிவப்பும் நீலமும் கேமராவின் உச்ச வரம்பில் போய் இடித்துக்கொள்ளும். அதற்கு மேல் அதனால் வித்தியாசம் காட்ட முடியாது. நெசவு, மடிப்பு, நிழல் எல்லாம் அழிந்து ஒரே வண்ணப் பூச்சாக நிற்கும். போதாததற்கு இப்போதைய போன்கள் தாங்களாகவே ‘அழகுபடுத்தி’ இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடும். அந்த வசதியை அணைத்துவிட்டு, திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி எடுக்க வேண்டும். எடுக்கும்போது மங்கலாகத் தெரியும், கடைப் பையன்களுக்குப் பிடிக்காது. இருந்தாலும் கணினியில் தூக்கிவிட அந்த மங்கல் படத்துக்குள் விஷயம் இருக்கும். பூச்சாகிப்போன படத்திலிருந்து எடுக்க ஒன்றும் இருக்காது.

அரக்கின் கதை வேறு. மலிவான எல்இடி விளக்கில் சிவப்பு ஒளி குறைவு. அதற்கடியில் அரக்குச் சேலை காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்விடும். பகல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்த இடத்தில் எடுத்தால் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் ஒரு நிறம். காலையில் வெயில் நேரே விழாத தாழ்வாரம் இருந்தால் போதும், எந்த ஸ்டுடியோ விளக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். முதல் படத்தில் ஒரு வெள்ளைத் தாளைச் சேலை மேல் வைத்து எடுத்துக்கொண்டால், அந்த வெள்ளையை வெள்ளையாக்கி மற்ற எல்லாவற்றையும் அதன்படி திருத்திவிடலாம். இத்தனைக்குப் பிறகும் வாங்குகிறவர் போன் திரை அதைப் பளபளவென்று ஆக்கினால் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதனால் நிறத்தின் பெயரையும் குறிப்பில் போட வைக்கிறேன். வாடாமல்லி, ராமர் பச்சை, கத்தரிப்பூ, எம்.எஸ். நீலம். சேலை கட்டுகிறவர்களுக்கு அந்தப் பெயர் போதும், திரை பொய் சொன்னாலும் மனத்துக்குள் சரியான நிறம் வந்துவிடும்.

மயில்கழுத்து நிறத்துக்குப் பெயரும் போதாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த துணி, திருப்பத் திருப்ப மாறும். ஒரு படத்தில் நீலம், அடுத்ததில் பச்சை. வாங்கியவர் இரண்டில் எது வரும் என்று கேட்பார். இதற்குத்தான் வீடியோ. மற்றபடி எல்லாச் சேலைக்கும் வீடியோ வேண்டும் என்று முதலாளிகள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வீடியோவைச் சுருக்கும் முறையைப் புரிந்துகொண்டால் பாதி வேலை எடுக்கும் இடத்திலேயே முடிந்துவிடும். ஒவ்வொரு காட்சியையும் முழுதாக எழுதாமல், முந்தையதிலிருந்து என்ன மாறியதோ அதை மட்டும் எழுதி வைப்பது அதன் வழி. அசையாத சுவருக்குச் செலவே இல்லை. ஃபேன் காற்றில் ஜரிகைச் சேலை ஆடினால் புள்ளிக்குப் புள்ளி மாறும், எழுத இடம் போதாமல் துணி முழுக்கக் கட்டம் கட்டமாக உடையும். ஆகவே ஃபேனை நிறுத்த வேண்டும். சேலம் வெயிலில், மே மாதத்தில், தகரக் கூரைக் குடோனில் ஃபேனை நிறுத்தச் சொல்பவனை யாருக்கும் பிடிக்காது. போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் மாட்டி, துணியை மட்டும் மெதுவாக ஒரு முறை திருப்பினால் போதும்.

நீளமும் இதோடு சேர்ந்த கணக்கு. 16 எம்பி என்பது நாங்கள் கைவசம் வைத்திருக்கும் வரம்பு. அதை மெகாபிட்டில் சொன்னால் 128. ஒரு நிமிட வீடியோ என்றால் நொடிக்கு இரண்டு மெகாபிட் சொச்சம் கிடைக்கும். பதினைந்து நொடி என்றால் எட்டரை. அதே எடை, நான்கு மடங்கு தெளிவு. 2020 மார்ச்சில் ஊரடங்கு நெரிசலுக்காக இந்தியாவில் ஸ்டேட்டஸ் வீடியோவை 30 நொடியிலிருந்து 15 நொடிக்குக் குறைத்தபோது எல்லோரும் புலம்பினார்கள். என்னைக் கேட்டால், எங்கள் ஊர்ச் சேலை வீடியோக்கள் அந்த மாதங்களில்தான் ஒழுங்குக்கு வந்தன. “வணக்கம் சகோதரிகளே” என்று ஆரம்பித்து இருபது நொடி கழித்துச் சேலையைக் காட்டும் வழக்கம் அப்போதுதான் ஒழிந்தது. பிறகு ஒரு நிமிடம் வரை விட்டார்கள், பழைய வழக்கமும் திரும்பிவிட்டது.

முதலாளி மகன் ஐபோன் வாங்கினால் எனக்கு வேலை கூடும். அது வழக்கமாகப் படம்பிடிப்பது எச்இவிசி முறையில். பழைய ஆண்ட்ராய்டு சிலவற்றில் சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பாக நிற்கும். 12ஆம் மாடலிலிருந்து எச்டிஆர் வேறு. அந்தப் போனில் தங்கம் போல மின்னும் ஜரிகை, மாற்றி அனுப்பியதும் சாம்பல் பூசியது போலாகும். செட்டிங்ஸில் இரண்டையும் அணைத்துவிடுங்கள் என்றால், “அப்புறம் எதுக்குங்கண்ணா இவ்வளவு காசு போட்டு வாங்கினது?” என்று கேட்பான். நியாயமான கேள்விதான். கடைசியில் எல்லாவற்றையும் எச்.264, ஏஏசி சத்தம் உள்ள எம்பி4 ஆக மாற்றித்தான் கொடுக்கிறேன். எச்.264 2003இல் வந்த முறை, எந்தப் போனிலும் ஓடும்.

சத்தத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் யோசிப்பதே இல்லை. சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். அது உரிமைச் சிக்கல் என்பது ஒரு பக்கம். வயதான அம்மாக்கள் வீடியோவைப் பார்ப்பதைவிடக் கேட்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். “முந்தானை இதுங்க, உடம்பு பூரா புட்டா வருதுங்க, ப்ளவுஸ் கான்ட்ராஸ்ட்ல வருதுங்க” என்று கடையில் துணி மடிக்கும் அக்கா தன் குரலில் சொன்னால் அதற்கு ஈடு இல்லை. பஸ்ஸில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பவர்களுக்கு விலையும் நம்பரும் எழுத்தில் இருந்தால் போதும்.

விலையும் நம்பரும் என்றேனே, அங்கேதான் பெரிய வழக்கு. படத்தில் கடைப் பெயரும் போன் நம்பரும் பெரிதாக வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. ரீசெல்லிங் செய்யும் பெண்கள் போன் பண்ணிச் சொல்வது நேர் எதிர். “அண்ணா, கடைப் பேரு போட்டா நான் எப்படிண்ணா குரூப்ல போடறது? அவங்க நேரா உங்ககிட்டயே வாங்கிக்குவாங்கல்ல?” முதலாளி விடமாட்டார். “பேரு போடலீன்னா எவனோ எடுத்து அவன் சரக்குன்னு விக்கறான் தம்பி.” இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நம் படத்தைக் காட்டி வேறு மட்டமான துணியை அனுப்புகிற ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் நான் பெண்கள் பக்கம். அவர்கள் பெயர் உள்ள கீழ்ப்பகுதியை வெட்டி, வெட்டியதை மறுபடி அனுப்பி, படம் இன்னொரு முறை சுருங்கி, பொலிவு போன பிறகு விற்காமல் நிற்பது முதலாளியின் சரக்குதான். ஃபார்வர்டு மட்டும் செய்தால் படம் அப்படியே போகும். சேமித்து, வெட்டி, திரும்ப ஏற்றும்போதுதான் தேய்கிறது. ஸ்கிரீன்ஷாட் அதைவிட மோசம்.

ஒத்துக்கொண்ட ஏற்பாடு இது. கடைப் பெயர் இல்லை. சேலையின் மடிப்பில், முந்தானையைத் தொட்டபடி ஒரு சிறிய சீட்டு. அதில் கடைக்கு மட்டும் புரிகிற எண். கணினியில் ஒட்டாமல் துணி மேல் வைத்தே எடுக்கிறோம். அதை வெட்ட வேண்டுமானால் முந்தானையையும் சேர்த்து வெட்ட வேண்டும். ரீசெல்லருக்கு அதனால் நஷ்டமில்லை, ஆர்டர் போட அவருக்கும் அந்த எண் வேண்டும். முன்பெல்லாம் ஃபார்வர்டு செய்யும்போது கீழே எழுதிய குறிப்பு உதிர்ந்து படம் மட்டும் போகும். அப்போது பிடித்த பழக்கம் இது. படத்துக்குள்ளேயே அடையாளம் இருக்க வேண்டும்.

சேலை மட்டுமில்லை, சேலத்தில் ஒரு நகைக்கடைக்கும் தினமும் தங்க விலை அட்டை போட்டுக் கொடுத்தேன். கிராம், எட்டு கிராம் பவுன், வெள்ளி. வடிவமைப்பில் ஒன்றுமே இல்லாத வேலை. ஆனால் விலை காலையிலும் மாலையிலும் மாறுகிற நாளில், காலை அட்டையைக் காட்டி மாலையில் ஒருவர் கடையில் வந்து நிற்பார். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறையும், அதை எடுத்து வைத்தவர் போனில் மறையாது. கடைச் சின்னத்தைவிடத் தேதியையும் நேரத்தையும் பெரிதாகப் போடச் சொல்லி நான் வாதாடியது கொஞ்ச நாள் எடுபடவில்லை. வாசலில் இரண்டு மூன்று தகராறு நடந்த பிறகு தானாக எடுபட்டது.

பெரிய கடைகள் இப்போது செயலியை விட்டு, மென்பொருள் வழியாக ஆயிரக்கணக்கானவருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் முறைக்குப் போய்விட்டன. செயலியின் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான், அதிலும் நம் நம்பரைச் சேமித்தவருக்குத்தான் போகும். மென்பொருள் வழியில் அந்தக் கட்டு இல்லை. ஆனால் செய்திக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், ஒவ்வொரு விளம்பரச் செய்திக்கும் ஒரு ரூபாய்க்குள் கட்டணம் உண்டு. படம் ஜேபெக் அல்லது பிஎன்ஜி, 5 எம்பிக்குள். வீடியோ 16 எம்பிக்குள். இணையத்திலிருந்து இறக்கிய வெப்பி கோப்பையோ அச்சுக்கு வைத்த சிஎம்ஒய்கே கோப்பையோ கொடுத்தால் திருப்பிவிடும். செயலியில் மன்னித்துவிடுகிற தப்பெல்லாம் இங்கே செல்லாது.

அந்தச் செய்தியின் தலைப்பில் வைக்கும் படம் பெட்டிக்குள் அகலமாக வெட்டுப்பட்டுத் தெரியும், உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம். நின்ற கோலத்தில் சேலை கட்டிய பெண் படத்தைக் கொடுத்தால் இடுப்பு மட்டும் மிஞ்சும். “காசு குடுத்து அனுப்பறோம், தலையில்லாத முண்டமா போகுதே” என்று ஒரு முதலாளி கத்தினார். அந்த அளவுக்குச் சேலையைப் படுக்கைவசமாக விரித்து, பார்டர் குறுக்கே ஓடும்படி தனியாக எடுக்க வேண்டியிருக்கிறது. செயலியின் கேட்டலாக்குக்குச் சதுரம், ஸ்டேட்டஸுக்கு நெட்டை, இதற்குக் குட்டை. ஒரே சேலையை மூன்று விதமாக எடுப்பதற்குக் கூலி கேட்டால் மட்டும் முதலாளிகளுக்குக் கணக்கு புரிவதில்லை.

இந்த இரண்டு மூன்று வருடமாக ஏஐ. மடித்த சேலையைப் படம் எடுத்துக் கொடுத்தால், அதைக் கட்டிக்கொண்டு கோயில் மண்டபத்தில் ஒரு பெண் நிற்பது போலச் செய்து தருகிறது. மாடலுக்குச் சம்பளம் இல்லை, மேக்கப் இல்லை. முதலாளிகளுக்குக் கொண்டாட்டம். நானும் செய்து பார்த்தேன். நிறம் பெரும்பாலும் பிசகுவதில்லை, விழும் மடிப்பும் அழகு. பார்டரில்தான் கை வைக்கிறது. அன்னம் இருந்த இடத்தில் மயில் மாதிரி ஒன்று வரும், கோபுரக் கரையில் கோபுரம் தேய்ந்து முக்கோணமாகும், புட்டாவின் இடைவெளி மாறும். தறிக்காரர் ஒருவர் அப்படி ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இந்த டிசைனுக்கு அட்டை யாருங்க அடிச்சது? நம்மகிட்ட இல்லீங்களே” என்றார்.

பண்டிகை வாழ்த்து, கடை போஸ்டர் வரைக்கும் ஏஐ படம் போடலாம், விற்கிற சேலையின் படம் மட்டும் கேமராவில் எடுத்ததாக இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். மொத்த வியாபாரி ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. புது டிசைன் எல்லாவற்றையும் ஏஐயிலேயே செய்து தரும் ஒரு பையனைப் பிடித்துக்கொண்டார். தீபாவளிக்கு முன்னால் திரும்பக் கூப்பிட்டார். போஸ்டர் அந்தப் பையனிடம், சேலைப் படம் என்னிடம் என்று வேலை இப்போது பிரிந்திருக்கிறது. கூலியை மட்டும் பழைய கூலியிலேயே நிறுத்தியிருக்கிறார். அது பேச்சுவார்த்தையில் இருக்கிறது.